ஆலையிலேயே நல்ல ரத்தம்

அந்தச் சலவை ஆலையில் டாக்டரம்மாவுக்கு வைத்திருந்த பெயர் நாக்கு டாக்டர். கால் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு போனாலும் "நாக்கை நீட்டு" என்பார். காதுவலி என்று போனாலும் "நாக்கை நீட்டு" என்பார். நாக்கு முடிந்தால் கண், கண் முடிந்தால் நகம், நகம் முடிந்தால் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் மறுபடியும் கண். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு வந்த தலைவலியே மறந்துபோய்விடும். "உள்ள போனவ என்ன, குடித்தனமே வெச்சுட்டாளா?" என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழாமல் இல்லை. விழட்டுமே! ஆளைத் தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஊரிலுள்ள விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற ஆலை அது. வண்டி வண்டியாக அழுக்கு விரிப்புகள் ஒரு வாசல் வழியே வரும். வெள்ளை வெளேரென்று மடித்து அடுக்கி இன்னொரு வாசல் வழியே போகும். இடையில் இருப்பதெல்லாம் ஆவியும் வெளுப்பு மருந்தின் நெடியும் காதைப் பிளக்கும் சத்தமும்தான். டாக்டரம்மாவின் அறை கொதிகலனுக்கு எதிர்ப்புறம், மூன்று படி ஏறிப் போக வேண்டும். ஒரு மேஜை, ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, முற்றத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்காகவே சண்டை போட்டு அந்த அறையை வாங்கியிருந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லோரும் ஒரே நிறம், அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது என்பது அவர் கட்சி.

ஒருநாள் காலையில் மேனேஜர் அந்த மூன்று படிகளையும் ஒரே தாவலாகத் தாவி உள்ளே வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்.

"டாக்டர், ஒரே ஒரு கையெழுத்து. மின்னலுக்கு உடம்பு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துடுங்க. மத்தியானம் முதலாளியம்மா ரூம்ல விசாரணை."

மின்னல் யாரென்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஆலைக்கே தெரியும். ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து, உலர்த்தி இஸ்திரி போடுகிற, கொதிக்கிற பெரிய ரோலருக்குள் சுருக்கமில்லாமல் விடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ரோலரின் மறுபக்கம் வந்து விழும் விரிப்பை மடிப்பவள் அவளுடைய நாத்தனார், அதாவது அவள் புருஷனின் அக்கா. அந்த அம்மாள் பேசினால் ஆவி வால்வு சத்தத்தையும் மீறிக் கேட்கும். அதனால் அவளுக்குப் பெயர் இடி. மின்னல் இந்தப் பக்கம், இடி அந்தப் பக்கம். யார் வைத்த பெயரோ, அச்சாகப் பொருந்திவிட்டது.

"என்ன விசாரணை?" என்றார் டாக்டரம்மா.

"வேலைய விட்டு அனுப்பறதுக்குத்தான். இப்ப அவ மின்னல் இல்ல டாக்டர், ஆமை! நாலு விரிப்பு விட்டா மூட்டை மேல போய் உக்காந்துக்கறா. கேட்டா தலை சுத்துதாம். நேத்து அவளால ரோலரையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. தலை ஏன் சுத்தணும்? போன மாசம் ஆளுங்க வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க இல்ல? ஆலையிலேயே நல்ல ரத்தம் இவளுக்குத்தான். ஹீமோகுளோபின் பதினாலு! எனக்கே அவ்வளவு கிடையாது. இது சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல."

"ஆளை அனுப்புங்க. பாத்துட்டுப் போடறேன்."

மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று. "நீங்க பாக்க ஆரம்பிச்சா எப்ப முடியறது?"

"பாக்காம போடறதுக்கு நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா?"

மின்னல் ரோலரிலிருந்து நேராக வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி, கழுத்தில் இறக்கிவிட்ட முகமூடி. கன்னம் சிவந்திருந்தது, கண் சிவந்திருந்தது, உள்ளங்கை ரோஜா நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளேயும் சிவப்பு. சரிதான், மேனேஜர் சொன்னது போலத்தான் போலிருக்கிறது என்று ஒரு நொடி அவருக்கே தோன்றிவிட்டது. பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"எத்தனை பசங்க உனக்கு?" என்று சும்மா கேட்டார்.

"ஒரே... பொண்ணு... டாக்டரம்மா."

மூன்று வார்த்தை சொல்ல இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். ஏறி வந்ததோ மூன்றே படி. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி குதிரை மாதிரி ஓடுகிறது. உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்த ஓட்டம்?

"அந்தக் கட்டில்ல சாஞ்சுக்கோ. ஒண்ணும் பேசாத. நான் கூப்பிடற வரைக்கும் அசையாத."

"ரோலர் நிக்குமே..."

"நிக்கட்டும். அது என்ன அழுவுதா?"

பெஞ்சில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுப் பார்த்து அனுப்பினார். அதற்குள் ஜன்னல் காற்று அவள் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசி ஆள் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மின்னலின் முகத்தைப் பார்த்தவர், "அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். கன்னத்தில் பூசியிருந்தது ரோலரின் சூடு, அது வடிந்துவிட்டது. கண்ணில் இருந்தது வெளுப்பு மருந்தின் எரிச்சல், அதுவும் அடங்கிவிட்டது. உள்ளங்கையின் ரோஜா நிறம் ஈர விரிப்பின் கொதிப்பு. எல்லாம் இறங்கிப்போன பிறகு மிஞ்சியிருந்த முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. இந்த ஆலையில் வேலை நேரத்தில் கூப்பிட்டுப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் ரத்தம் நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும் என்பது டாக்டரம்மாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் இது நமக்குத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எழுந்து உட்கார வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மறுபடி இமையை இழுத்தார். உள்சதையில் சிவப்பென்பது பேருக்குக்கூட இல்லை. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அப்படியானால் ரத்தம் உள்ளேயே உடைந்து போகவில்லை, வேறு எங்கோ வழி தேடிக்கொண்டு போகிறது, அல்லது ஊறவே இல்லை.

"நாக்கை நீட்டு."

நீட்டினாள். நாக்கின் மேல் இருக்க வேண்டிய சொரசொரப்பு தேய்ந்து மழமழவென்று இருந்தது. இரண்டு வாயோரமும் வெடித்திருந்தன. உள்ளங்கையை விரித்து விரல்களைப் பின்னால் வளைத்துப் பார்த்தார், ரேகைகளில்கூட நிறமில்லை. நகங்களோ நடுவில் குழிந்து ஓரம் தூக்கியிருந்தன. டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை அவள் கட்டைவிரல் நகத்தில் விட்டார். அது வழியாமல் அப்படியே குழிக்குள் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். ரத்தம் நீர்த்துப்போய் அவசர அவசரமாக ஓடும்போது வருகிற சத்தம் அது. காலைத் தொட்டு அழுத்தினால் விரல் பதிந்த இடம் மெதுவாகத்தான் மேலே வந்தது.

"என்ன சாப்பிடற?"

"எல்லாரும் சாப்பிடறதுதான்."

"அதைக் கேக்கல. யாருக்கும் தெரியாம என்ன சாப்பிடற?"

மின்னல் திடுக்கிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தபடியே, "கஞ்சி மாவு" என்றாள்.

"எது, துணிக்குப் போடறதா?"

"ஆமா டாக்டரம்மா. கட்டி கட்டியா இருக்குமே, அத வாயில போட்டுக் கடிச்சாத்தான் எனக்கு வேலையே ஓடும். வீட்டுக்கும் மடியில கட்டிட்டுப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பைத்தியம்னு நெனப்பாங்க."

டாக்டரம்மாவுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. டாக்டர்களின் சந்தோஷம் ஒரு தினுசானது, அதை மற்றவர்கள் மன்னிக்கத்தான் வேண்டும். "பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உடம்புல இரும்புச் சத்து காலியாப் போனா சில பேருக்கு இப்படித்தான் மண்ணு, மாவு, ஐஸ் கட்டின்னு கண்டதையும் கடிக்கணும்னு தோணும். இரும்பு ஏறிட்டா அதுவா ஓடிடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். மின்னல் சாதாரணமாகத்தான் சொன்னாள். வந்தால் லேசில் நிற்காது, கட்டி கட்டியாகப் போகும், வேலைக்கு வரும்போது மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டுதான் வருவாள், ஒன்றிரண்டு வருஷமாக இப்படித்தான்.

"இத ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"பொம்பளைங்க எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டரம்மா?"

படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படவில்லை, அப்படியானால் அது வீங்கவில்லை. அடிவயிற்றில் கை வைத்ததும் உருண்டையாக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. கர்ப்பப்பைக் கட்டி. ரத்தம் போகிற வழி அகப்பட்டுவிட்டது. இனி அந்தப் பதினாலுதான் பாக்கி. இந்த உடம்பில் பதினாலா? பாதிக்குப் பாதி இருந்தாலே பெரிய விஷயம்.

"அந்த ரிப்போர்ட்ல இருக்கற ரத்தம் உன்னோடது இல்ல" என்றார்.

அவ்வளவுதான். மின்னல் டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதாள்.

"போன வருஷம் ரெண்டு பேருக்கு ரத்தம் கம்மின்னு வந்துச்சு. ரோலர்ல நிக்க லாயக்கில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எனக்கும் அந்த கதிதான்னு பயந்து செத்தேன். அண்ணிதான், 'நீ ஏண்டி கெடந்து சாகற, எங்கிட்ட ரத்தம் கொள்ளை கொள்ளையா இருக்கு, நான் குடுக்கறேன்'னாங்க. எல்லாரும் தொப்பியும் முகமூடியும்தானே? ரத்தம் எடுக்க வந்தவரு வெளி ஆளு. என் பேரைக் கூப்பிட்டாரு, அண்ணி போய்க் கைய நீட்டிட்டாங்க."

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட யோசனை! வேலை போகக் கூடாது என்று நாத்தனாரின் ரத்தத்தைக் கொடுக்கப்போய், அந்த நல்ல ரத்தமே இப்போது அவள் கழுத்துக்குச் சுருக்காக வந்து நிற்கிறது. உடம்பில் கோளாறில்லை என்றால் அப்புறம் சோம்பேறித்தனம்தானே? உண்மையைச் சொல்லலாம் என்றால் ஏமாற்று வேலை என்று சேர்த்துப் பிடித்து அண்ணியையும் வெளியே தள்ளிவிடுவார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரின் பிழைப்பு போய்விடும்.

டாக்டரம்மாவின் மேஜை டிராயரில் விரல் நுனியில் குத்தி ரத்த அளவு பார்க்கிற சின்னக் கருவி ஒன்று இருந்தது. அதை எடுத்ததும் மின்னல் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம். இதுல கம்மியா வந்தா அதுல எப்படி நெறைய வந்துச்சும்பாங்க. அண்ணி மாட்டிக்குவாங்க."

"நீ செத்துப் போயிட்டா மட்டும் உங்க அண்ணி சந்தோஷமா இருப்பாளா? இந்த உடம்போட அந்த ரோலர் முன்னால நிக்கறியே, மயக்கம் வந்து கை உள்ள போச்சுன்னா? கெளம்பு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"விசாரணைக்கு வரலன்னா வராததுக்கே சீட்டக் கிழிச்சுடுவாங்க. அது முடியட்டும். நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன். அண்ணி பேரு மட்டும் வேண்டாம்."

பிடிவாதமென்றால் பிடிவாதம். டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி. உங்க அண்ணி பேரு என் வாயில வராது. ஆனா உன்ன வேலைய விட்டு அனுப்பவும் விட மாட்டேன். பாத்துடுவோம்" என்றார். எப்படி என்று அவருக்கே தெரியாது. கருவியை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளியம்மாவின் அறை மாடியில் இருந்தது. மின்னலைப் படியேற விடாமல் துணி ஏற்றும் லிஃப்டில் ஏற்றிக் கூட்டிப்போனார். முதலாளியம்மா மெலிந்த உடம்பு, நரைத்த தலை, அதிகம் பேசாதவர். வெளியே போகிற துணிகளை இன்றைக்கும் ஒரு கத்தையாவது தானே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளையில் பத்து வகை தெரிந்தவர், அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ஆலையில் எல்லோரும் சொல்வார்கள்.

மேனேஜர் புகாரைச் சொல்லி முடித்தார். முதலாளியம்மா டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"உடம்பு நல்லாயிருக்கா இவளுக்கு?"

"இல்ல. ரத்தம் ரொம்ப ரொம்பக் கம்மி. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "என்ன டாக்டர் இது! பதினாலு இருக்கு! ரிப்போர்ட்டு கையில இருக்கு! மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் பொய் சொல்லல. அதே மாதிரி இவ உடம்பும் பொய் சொல்லல."

"அப்ப யாரு பொய் சொல்றா?"

டாக்டரம்மா ஜன்னலோரம் போய் நின்றார். "மேனேஜர் சார், கொஞ்சம் இப்படி ஜன்னல் பக்கம் வாங்க" என்றார். என்னவோ ஏதோ என்று அவர் வந்து நின்றார். "நாக்கை நீட்டுங்க."

"நானா?"

"நீங்கதான்."

முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்கவும் முடியாது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார். பக்கத்தில் மின்னலை நாற்காலியில் உட்கார வைத்து அவளையும் நீட்டச் சொன்னார் டாக்டரம்மா. "முதலாளியம்மா, நீங்களே வந்து பாருங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாருங்க."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார். விரிப்பைப் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தார். டாக்டரம்மா முதலில் மேனேஜரின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். நல்ல மாதுளை நிறம். அடுத்து மின்னலின் இமையை இழுத்தார். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

"ஐயோ" என்றார். "இது கண்ணாம்மா? நம்ம விரிப்பு வெள்ளையால்ல இருக்கு!"

"இதைத்தான் நான் காலையிலேருந்து பாத்துட்டிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தார். அவருக்கும் கண் இருக்கிறதே, தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் கையிலிருந்த காகிதத்தை விட மனசு வரவில்லை. "அப்ப இந்தப் பதினாலு எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லட்டும். இவ ரத்தம் இல்லாம வேற யாரு ரத்தம்?"

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்தாயிற்றே.

கதவு படாரென்று திறந்தது.

"என் ரத்தம்!"

வேறு யார்? இடிதான். மடிப்பு மேஜையை விட்டுவிட்டு எப்போது வந்து கதவில் காதை வைத்தாளோ தெரியவில்லை. தொப்பி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"அது என் ரத்தம்தான்! நான்தான் குடுத்தேன். இவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்க. என் தம்பி பொண்டாட்டி செத்துட்டிருக்காளாம், இவரு காகிதத்தப் பிடிச்சுக்கிட்டு பதினாலு பதினாலுங்கறாரு!"

"அண்ணி!" என்று மின்னல் அலறினாள்.

"நீ சும்மா இருடி. கம்முனு உக்காரு. மூச்ச வீணாக்காத."

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாம்மா? ஏமாத்து வேலை! ரெண்டு பேரையும் இந்த நிமிஷமே..."

முதலாளியம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். இடியை ஏற இறங்கப் பார்த்தார். "இவளுக்கு மட்டும்தான் குடுத்தியா?"

இடி மேலே விட்டத்தைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். "என்னோடதையும் சேத்து அஞ்சு தடவை" என்றாள். "பாவம், கேட்டாளுங்க. தொப்பிய மாத்தி மாத்திப் போட்டுட்டுப் போனேன். கடைசித் தடவை அந்தாளு, 'உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்கே'ன்னாரு. அக்கா தங்கச்சிங்க எல்லாம் இங்கதான் வேலை பாக்கறோம்னுட்டேன்."

டாக்டரம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பும் அடக்க முடியாத கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் ஜெயித்தது.

"சிரிக்கற விஷயம் இல்ல இது. இன்னும் மூணு பேரு இவள மாதிரியே ரத்தம் இல்லாம கீழ கொதிக்கற ரோலர்கிட்ட நின்னுட்டிருக்காங்க. ஏன் இப்படிப் பண்றாங்க? ரத்தம் கம்மின்னு தெரிஞ்சா நீங்க வெளிய அனுப்பறீங்க. அப்பறம் எவ உண்மையச் சொல்லுவா? ரத்தம் கம்மியா இருக்கறது குத்தமா? வியாதி! மருந்து குடுத்தா போயிடற வியாதி! சோகையப் பிடிச்சு வெளிய தள்ளணும், நீங்க ஆளைத் தள்றீங்க. இவள இன்னைக்கு அனுப்பினீங்கன்னா நானும் இவ பின்னாலேயே எறங்கிப் போறேன். அப்பறம் நல்லா இருக்கான்னு எழுதிக் குடுக்க வேற ஆளப் பாத்துக்குங்க."

இவ்வளவு சத்தமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இடிகூட ஒரு அடி பின்வாங்கினாள்.

அப்போதுதான் மின்னல் தானாகவே வலது கையை நீட்டினாள். "குத்துங்க டாக்டரம்மா. இது என் ரத்தம். எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான்."

டாக்டரம்மா கைப்பையைத் திறந்தார். விரல் நுனியில் வந்த சொட்டே வெளிறிப்போய்த் தண்ணீர் கலந்த மாதிரிதான் இருந்தது. கருவியில் எண் வருகிற வரைக்கும் எல்லோரும் அதன் மேலேயே குனிந்து நின்றார்கள். வந்தது. ஐந்து புள்ளி எட்டு.

மேனேஜர் அதை ஒருமுறை படித்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மின்னலைப் பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டா தெனமும் நின்னே?" என்றார். "நான் வேற மேல மேல வெரட்டிட்டிருந்தேனே... கை உள்ள போயிருந்தா..." கையிலிருந்த காகிதத்தை மேஜையில் போட்டார். நல்ல மனுஷர் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே, அது சும்மா சொன்னதில்லை.

முதலாளியம்மா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. நின்றபடியே பேசினார். "வண்டிய எடுக்கச் சொல்லுங்க, இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குணமாகி வந்ததும் அதே ரோலர், அதே எடம். அந்த மூணு பேரையும் டாக்டரம்மா ரூமுக்கு அனுப்புங்க. போன வருஷம் அனுப்பின ரெண்டு பேரு எங்க இருக்காங்கன்னு விசாரிச்சுக் கூட்டிட்டு வாங்க. இனிமே இந்த ஆலையில ரத்தம் கம்மின்னு யாரையும் அனுப்பக் கூடாது. மருந்துக்கு அனுப்புங்க." பிறகு இடியின் பக்கம் திரும்பினார். "நீ பண்ணினது தப்பு."

"தப்புதாம்மா" என்றாள் இடி.

"அஞ்சு தடவை ரத்தம் குடுத்தும் இப்படிக் கத்தறியே, எப்படி?"

இடிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. மின்னலின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கீழே சலவைக்கூடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். இடி முழங்கை வரை துணியைச் சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். என்ன கொடுமை பாருங்கள், அவ்வளவு பேருக்கு வாரி வழங்கிய அவள் ரத்தம் மின்னலின் வகையோடு சேரவில்லை. யாருடையது சேர்ந்தது தெரியுமா? மேனேஜருடையது. ஊசியைக் கண்டால் பயந்து நடுங்குகிற மனிதர். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, டாக்டரம்மாவின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். முடிந்ததும் தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொண்டார். "சோம்பேறித்தனமா இருக்குமோ சார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பிறகு கட்டியை எடுத்தார்கள். இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள், மாத்திரையும் கொடுத்தார்கள். கஞ்சி மாவு ஆசை எப்போது போனதென்று மின்னலுக்கே தெரியவில்லை. ஒருநாள் மடியைத் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இல்லை, தேடவும் தோன்றவில்லை. வாயோரம் ஆறியது, நாக்கில் சொரசொரப்பு வந்தது. குழி விழுந்த நகத்துக்கு அடியிலிருந்து புது நகம் ஒழுங்காக வளர்ந்து மேலே ஏறியது. அந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு மாத்திரையே போதுமாயிருந்தது. ஒருத்திக்கு மூலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதையும் பிடித்தாயிற்று. முன்பு அனுப்பப்பட்ட இருவரும் திரும்பி வந்தார்கள்.

மின்னல் வேலைக்கு வந்த அன்று டாக்டரம்மா தன் அறைக்குப் போகாமல் நேரே ரோலர் கூடத்துக்குத்தான் போனார். காத்திருக்கிறவர்கள் காத்திருக்கட்டும், இதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மின்னல் மாடிப்படியில் ஏறி, மேலே இருந்த துணிக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். வரும்போதே இந்தப் பக்கம் ஒருத்தியிடமும் அந்தப் பக்கம் ஒருத்தியிடமும் பேசிக்கொண்டே வந்தாள், எந்த வாக்கியமும் நடுவில் நிற்கவில்லை. விரிப்பின் முனையைப் பிடித்தாள். ஒன்று போனது, இரண்டு போனது, அப்புறம் யாரும் எண்ணவில்லை. எதிர் முனையைப் பிடித்திருந்தவள் "ஐயோ, மெதுவா!" என்று கெஞ்சினாள். டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளுப்பு மருந்து நெடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவர் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் கையைத் தட்டினார். கூடமே தட்டியது.

மறுபக்கம் இடிக்கு மடிக்க மடிக்க விரிப்பு மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. மேனேஜர் ஓரமாக வந்து நின்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி! என்ன அங்க வேடிக்க? கை ஓடல? சீக்கிரம், சீக்கிரம்!" என்று ரோலருக்கு இந்தப் பக்கமிருந்து மின்னல் போட்ட சத்தம் ஆவி வால்வையும் மீறிக் கேட்டது.

இடி கையிலிருந்த விரிப்பை அப்படியே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேட்டீங்களாடி? மேனேஜர் ரத்தம் பேசுது!"